கிள்ளான் வேலை நிறுத்தம் (1941): கூலிப் போராட்டமா, உரிமைப் போராட்டமா?

மனித உரிமைப் போராளிகளைப் பற்றிக் கற்பிக்கும்போது காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங், நெல்சன் மண்டேலா ஆகியோரையே மாணவர்முன் நிறுத்துகிறோம். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் மலாயாத் தோட்டப்புற வரலாற்றிலும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரை வழிநடத்திய ஆர். எச். நாதனே அவர். அப்போராட்டம் பெரும்பாலும் கூலி உயர்வுப் போராட்டமாகவே நினைவுகூரப்படுகிறது. அக்கணிப்பு முழுமையானதன்று என்பது நம் கருத்து.

நாதன் தமிழ்நாட்டிலிருந்து வந்து 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர், ஒய். கே. மேனனுடன் இணைந்து கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரினால் ரப்பரின் தேவை பெருகியது. வாழ்க்கைச் செலவும் ஏறியது. ஆயினும் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலி 50 காசு அளவிலேயே நின்றது. சீனத் தொழிலாளர் அதனினும் மிகுதியாகப் பெற்றனர். வேலை நிறுத்தத்திற்கு இதுவே உடனடிக் காரணம்.

எனினும், தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலப்படுகிறது. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்லுதல் ஆகியனவும் இடம்பெற்றன. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து தொழிலாளி இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நிருவாகத்திற்கு ஒரு காசும் செலவு வைக்காத கோரிக்கை இது. கூலிக்கு அப்பால் தொழிலாளர் நாடியது எதுவென்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

கூலி ஓரளவு உயர்த்தப்பட்ட பின்னரும் அமைதி திரும்பாமைக்குக் காரணம் இதுவே எனலாம். காலனித்துவ அரசு இதனை அரசியல் கிளர்ச்சியாளர் தூண்டிய கலகமாகவே கண்டது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலை நிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து இராணுவத்தை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது.

ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை 1948 டிசம்பர் 10இல் ஏற்றது. சம வேலைக்குச் சம ஊதியம், கருத்துரிமை, சங்கம் சேரும் உரிமை, கல்வியுரிமை ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகளே அப்பிரகடனத்திற்கு வழிவகுத்தன என்று நாம் கூற வரவில்லை. ஆயின், ஏழாண்டுகளுக்கு முன்னரே பால்மரம் சீவிய மக்கள் அவ்வுரிமைகளைத் தம் வாழ்விலிருந்தே கண்டுணர்ந்து கேட்டனர் என்பது வரலாற்று உண்மை.

எனவே, கிள்ளான் வேலை நிறுத்தத்தைக் கூலிக்கணக்கோடு முடித்துவிடலாகாது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த அம்மனிதனையும் நம் மாணவர் அறிதல் வேண்டும்.