மங்கும் மார்கழியும்

மல்லாட்டைக் கொல்லையில் வெயிலில் களையெடுத்த காலத்தில் என் மனைவியின் கன்னங்களில் மங்கு படர்ந்தது. "கார்த்திகை தீபம் முடிந்து மருந்து போடு, வெயில் தாழ்ந்தால்தான் பிடிக்கும்" என்பார்கள் வேங்கிக்கால் பெண்கள்.

அதில் உண்மை உண்டு. 1975-ல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள் மங்குக்கு ஒரு களிம்பை எழுதி வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. ட்ரெட்டினோயின் பூசிய தோல் வெயில் தாங்காது. ஆகவே குளிர்காலம் தோது.

ஆனால் அது டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் போடவேண்டிய மருந்து. நம் பக்கத்துக் கடைகளிலோ சீட்டில்லாமலே கிடைத்தது. இவள் மூன்று வருஷம் பூசினாள். முதலில் முகம் பளிச்சென்றது. நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு. கன்னத்தில் ரோமம்கூட முளைத்தது. வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

2018 மார்ச்சில்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆணையிட்டது. எங்களுக்கு அது தாமதம்.

எரிச்சல் அடங்க ஒரு வருஷம் ஆனது. மங்கு இன்னும் லேசாக இருக்கிறது. மார்கழி வெயிலிலும் குடையை மறக்காமல் எடுத்துக் கொடுப்பது இப்போது என் வேலை.