தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன்கள் இறப்பது ஏன்?

மீன் தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்குப் பாய்ச்சி, மீண்டும் தொட்டிக்கே திருப்பும் அக்வாபோனிக்ஸ் முறையை வீட்டில் புதிதாகத் தொடங்குவோர் முதல் மாதத்திலேயே மீன்களை இழப்பதுண்டு. தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நாமும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. ஜல்லியில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். செடிக்கு உணவு இந்த நைட்ரேட்தான். பாக்டீரியா போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன்கள் குறைவாகவே இருக்கட்டும்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், முதலில் காற்று பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் கிட் கொண்டு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டில் எதுவும் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் தீனியை நிறுத்திவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். பிஎச் அளவு 7-க்கு மேல் ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் கூடும்.

பலர் பதறிப்போய் ஜல்லியைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். பாக்டீரியாவும் அதோடு போய்விடும்; பிறகு முதல் வாரத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.