ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியை

ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு கூறுவோர் 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திர'த்தை முதலிற் குறிப்பர். கிழக்கிலங்கைக்கும் அவ்வரலாற்றிற் பங்குண்டு; திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். அவ்வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் சேர்ந்தது 1914இலேயாகும். யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' அவ்வாண்டில் வெளிவந்தது.

சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1814இல், வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பிற் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை எழுந்தது. பெண் படிப்பதற்கும் அவள் நாவல் எழுதி அச்சேற்றுவதற்கும் இடையே எத்துணை நெடிய காலம்!

சித்திலெப்பை எகிப்து நாட்டையும், சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் அரண்மனையையும் நாடினர். மங்களநாயகமோ யாழ்ப்பாணத்து இல்லங்களுக்குள் நுழைந்தார். கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்தே வாடுகிறாள் கண்மணி. தன் மணத்தைத் தானே தீர்மானிக்கிறாள் அவள் தோழி பொன்மணி. நூலின் பெயர் விவிலியத்தின் 51ஆம் சங்கீதச் சொல்லாட்சி. கிறித்தவப் போதனையும் பொறுமையின் புகழும் நூலில் நிறைந்துள்ளன. ஆயினும் இவ்விரு பெண்களையும் அருகருகே நிறுத்தியதனால், பொறுமை ஒன்றே பெண்ணுக்குப் போதுமா என்னும் வினா வாசகர் உள்ளத்தில் தானே எழுகின்றது.

1926இல் 'அரியமலர்' என்னும் நாவலையும் அவர் தந்தார். ஈழத்து நாவலின் முன்னோடிகளை எண்ணும்போது இவ்வம்மையாரை விட்டுவிட்டால் அக்கணக்கு நிறைவுறாது.