ஓட்ட வீரர் குணாளன்

1966 ஆம் ஆண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் ஐந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. ஆடவர் 100 மீட்டர் ஓட்டத்தில் இருவர் ஒருங்கே இறுதிக் கோட்டைக் கடந்தனர். இருவருக்கும் குறிக்கப்பட்ட நேரம் 10.5 விநாடி. நிழற்படத்தை ஆராய்ந்த பின்னரே, முதல்வர் மலேசியாவின் மணி ஜெகதீசன், இரண்டாமவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன் என்று தீர்ப்பாயிற்று. இருவரும் தமிழ் மரபினர்.

ஈராண்டுக்கு முன்னர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், இவ்விருவரும் ஒரே கொடியின்கீழ் ஓடியவர்கள் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அந்நாளில் சிங்கப்பூர் மலேசியாவின் ஓர் அங்கம். 1965 ஆகஸ்டு 9 அன்று அது பிரிந்து தனி நாடாயிற்று. ஜெகதீசனோ சிங்கப்பூரிலேயே மருத்துவம் பயின்றவர். நாட்டின் எல்லை மாறியதால் தோழர் எதிரணியினர் ஆயினர். மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு இந்நிலை ஓரளவு விளங்கும்.

குணாளன் பிறந்தது 1942 இல். இளமையில் அவர் நாட்டம் கால்பந்தில் இருந்தது. தொழிலோ ஆசிரியப் பணி. அவரது வேகத்தை 1963 வாக்கில் கண்டுகொண்டவர் டான் எங் யூன் என்னும் பயிற்சியாளர். அவரும் ஒலிம்பிக் கண்ட வீரரே. இருபது வயதைக் கடந்தபின் குறுந்தூர ஓட்டம் பழகுவது எளிதன்று. கால் வலிமை இயற்கையாக அமையலாம். ஆனால் துப்பாக்கி ஒலித்தவுடன் தாழ்ந்து புறப்படுவதும், முழு வேகத்திலும் தோளை இறுக்காது ஓடுவதும் பிறர் கண் பார்த்துத் திருத்த வேண்டியவை. ஓடுபவன் தன் ஓட்டத்தைத் தான் காண இயலாதல்லவா?

அதே டோக்கியோவில் இந்தியத் தொடரோட்ட அணியில் ஓடியவர்களுள் கென்னத் பவலும் ஒருவர். கோலாரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த இவர் 1965 இல் அர்ஜுனா விருது பெற்றார். 2022 இல் மறைந்தார். இங்கே பொம்மனஹள்ளியில் நம்மவர் வீட்டுப் பிள்ளை மைதானத்திற்குப் புறப்பட்டால், "படிப்புக் கெடும்" என்று தடுக்கும் பெற்றோர் பலர். அவர்களது அச்சம் பொய்யன்று. ஓட்டம் சோறு போடுவது அரிது. ஆயினும் ஜெகதீசன் மருத்துவராகி ஆராய்ச்சித் துறையில் உயர்ந்தார் என்பதும், குணாளன் ஆசிரியராகவே நிலைத்தார் என்பதும் அவர்கள் கேட்கத் தக்க செய்திகள்.

1968 இல் மெக்ஸிகோ ஒலிம்பிக். அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைவாதலால் குறுந்தூர ஓட்டக்காரர்க்கு எதிர்ப்பும் குறைவு. அங்கே குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் முடித்தார். அது மலேசிய நாட்டுச் சாதனையாக 2017 வரை நின்றது.

குணாளனின் சாதனையைச் சிங்கப்பூர் வீரர் ஷியாம் 2001 இல் முறியடித்தார். அவர் ஓடிய நேரம் 10.37 விநாடி. நூறில் ஒரு பங்கு விநாடியைக் குறைக்க முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளிற் பெரும்பகுதியைக் குணாளன் உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் கழித்திருந்தார்.