கல்வராயன் கதைகள் – 17: கரும்பு போன வழி

சென்ற வாரம் ஜாகீர்களின் கதையை 1976-ல் கொண்டுபோய் நிறுத்தினோம். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று குடும்பங்களின் கையில் இருந்த மலை அந்த வருடம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இந்த வாரம் பட்டா, வரி, வழக்கு எதுவும் கிடையாது. பாட்டும் மேளமும்தான். அதற்கு ரொம்பக் காலம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. நடுவில் கடலும் தாண்டவேண்டியிருக்கிறது.

கல்வராயன் மலைக்கு வடக்கே, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா. அங்கே ஆண்ட நன்னனைப் பார்த்துப் பரிசு வாங்கப் புறப்பட்ட கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். அரசனின் பெருமைக்கு முன்னால் கூத்தரின் வாத்தியப் பை வந்துவிடுகிறது. முழவு, ஆகுளி, வெண்கலப் பாண்டில், கொம்பு, யானை பெருமூச்சு விட்டாற்போல ஒலிக்கும் நெடிய தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. எல்லாவற்றையும் கட்டித் தோளில் தொங்கவிட்டு நடக்கிறார்கள். பார்ப்பதற்குக் கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது மாதிரி இருந்ததாம். பலா இந்தச் சீமையின் மரம். கிழக்கே பண்ருட்டிப் பக்கம் போனாலும் பலா, மேற்கே மலையேறினாலும் பலா. புலவர் உவமை தேடி ரொம்ப தூரம் போயிருக்கமாட்டார்.

மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் பார்த்ததால்தான் அந்தப் பெயர். என்னென்ன ஓசை? அருவி விழுவது. தினை குற்றும் பெண்கள் உலக்கைக்கு இசைவாகப் பாடும் வள்ளைப் பாட்டு. புலி கிழித்த கணவனின் புண் ஆறவேண்டும் என்று மனைவி பாடும் பாட்டு. மான்தோல் பறையைக் கொட்டிக்கொண்டு குறவர்கள் மனைவிமாரோடு ஆடும் குரவை. இவற்றுக்கு நடுவே கரும்பாலையில் கழை நெரிபடும் சத்தத்தையும் புலவர் சேர்த்திருக்கிறார். நமக்கு இந்த வாரம் வேண்டியது அந்தச் சத்தம்தான்.

கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டம். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, வடக்கே மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. அரவைக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குக் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோகிற அனுபவம் இருக்கும். உலகத்தின் இசை வரைபடத்தையும் கரும்பு வளர்ந்த தீவுகளின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கியூபா, ஜமைக்கா, டிரினிடாட், குவாதலூப், மொரீஷியஸ், ரியூனியன். இத்தனை சின்னத் தீவுகளுக்குள் இத்தனை தாளங்கள் எப்படி வந்தன என்று கேட்டால், கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது என்பதுதான் பதில்.

கியூபாவை எடுத்துக்கொள்வோம். அங்கே அடிமைமுறை 1886-ல்தான் ஒழிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் தங்கள் தெய்வங்களையும் அந்தத் தெய்வங்களுக்கான மேளங்களையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பத்தா என்று மூன்று மேளம் உண்டு. அதில் பெரியதற்கு அவர்கள் வைத்த பெயருக்குத் தாய் என்று அர்த்தம். சாமிக்குரிய மேளம், கண்ட இடத்தில் அடிக்கக்கூடாது. ஹவானாவில் பொதுமேடையில் அது முதன்முதலாக ஒலித்தது 1936-ல், பெர்னாண்டோ ஓர்த்திஸ் என்ற அறிஞர் ஏற்பாட்டில். துறைமுகத்துக் கூலிகளோ உப்புமீன் வந்திறங்கிய மரப்பெட்டியையும் மெழுகுவர்த்திப் பெட்டியையும் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள். அந்த ரும்பாவை யுனெஸ்கோ 2016-ல் மானுடப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பானியக் கிட்டாரும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்து கிழக்கு மலைப்பகுதியில் பிறந்த சோன் என்ற பாட்டுவகை தலைநகருக்கு இறங்கியதும், ஆறுபேர் குழுவில் ஏழாவதாக ஒரு டிரம்பெட் ஏறிக்கொண்டது. பின்னால் சல்சா என்று உலகம் ஆடியதற்கு வேர் அந்த சோன். இன்றைய ஹவானா இளைஞனைக் கேட்டால் ரெகெடோன் என்பான். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் சோன் கேட்டும் பொத்திக்கொண்டவர்கள்தான்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 1847 முதல் 1874 வரை கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சீனக் கூலிகள் ஒன்றேகால் லட்சம் பேர் அளவில் வந்தார்கள். அவர்களோடு வந்தது சீவாளி வைத்து ஊதும் சுவோனா என்ற சிறு குழல். சாந்தியாகோ நகரத்துத் திருவிழாவில், ஆப்பிரிக்க வழி மேளங்களின் இடிக்கு மேலே கீச்சென்று ஏறி ஊர்வலத்தை இழுத்துப்போவது இன்றும் அந்தக் குழல்தான். அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்க் கூத்து முகவீணையின் பங்காளி என்றே பட்டது. இரண்டும் கையளவு, இரண்டுக்கும் சீவாளி, இரண்டும் திறந்த வெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்.

கியூபாவுக்குச் சீனர்கள் என்றால், பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு நம்மவர்கள். 1853-ல் மார்ட்டினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போயின. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்களில் இரண்டு ஆர்க்காட்டு மாவட்டத்துக்காரர்களும் உண்டு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. போனவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் மத்தளத்தையும் கொண்டுபோனார்கள். கூத்தையும் கொண்டுபோனார்கள். குவாதலூப்பில் அதற்கு ‘நாத்ரோன்’ என்று பெயர். இந்துமாக்கடலில் இருக்கும் ரியூனியன் தீவில் ‘நார்ல்கோன்’. இரண்டும் நாடகம் என்ற நம்ம சொல்தான், பிரெஞ்சு வாயில் விழுந்து எழுந்து வந்திருக்கிறது. ரியூனியன் கூத்தை நடத்திவைப்பவர் ‘வர்த்தியால்’, அதாவது வாத்தியார். வீட்டில் தமிழ் பேச்சு மறைந்த பிறகும் ராத்திரி முழுக்கத் தமிழில் பாடி ஆடினார்கள். பொருள் தெரியாமல் பாடுவது என்ன பாட்டு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் கல்யாணங்களில் மந்திரம் புரிந்து தலையாட்டுகிறவர் எத்தனை பேர் என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

கப்பலேறிய அந்தக் கூத்தின் சொந்த ஊர் நிலவரத்துக்கு வருவோம்.

திருமுனைப்பாடி நாடு என்று பழையவர்கள் சொன்ன இந்தச் சீமைக்கு இரண்டு பெரிய பாட்டு மரபுகள். ஒன்று கோயிலுக்குள் இருப்பது. உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய 100 பதிகங்கள் ஏழாம் திருமுறை. செந்துருத்தி என்ற பண்ணில் தேவாரத்தில் இருப்பது ஒரே பதிகம்தான், அதுவும் அவருடையது. இன்று ஓதுவார்கள் அதை மத்தியமாவதியில் பாடுகிறார்கள். கிழக்கே விருத்தாசலம் பக்கம் ராஜேந்திரப்பட்டினம், சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர். சோழர் காலத்தில் ஏடு கிடைத்தும் மெட்டு தெரியாமல் விழித்தபோது, அந்தப் பாணர் மரபில் வந்த பெண் ஒருத்திதான் பண்களை எடுத்துக்கொடுத்தாள் என்கிறது திருமுறை கண்ட புராணம். யாழ் போய்விட்டது. கூத்தர் பையைச் சொன்ன கையோடு மலைபடுகடாம் விரிவாக வர்ணிக்கிற அந்தப் பேரியாழை இன்று செய்யவும் ஆளில்லை, மீட்டவும் ஆளில்லை. பண் மட்டும் தொண்டையிலிருந்து தொண்டைக்குத் தாவி வந்துவிட்டது.

இன்னொன்று கோயிலுக்கு வெளியே, திரௌபதி அம்மன் திடலில். வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். அவரை ஆதரித்தவர் வக்கபாகை ஆட்கொண்டான். ஏட்டில் இருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டும் இந்த வட்டாரத்தில் வெயிலில் வாசிக்கப்படுகிறது. பகலில் பாரதப் பிரசங்கி பந்தலில் உட்கார்ந்து பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். சுண்டல் மாதிரி நடுநடுவே ஊர் நியாயமும் வரும். ராத்திரி அதே கதை கூத்தாக எழுந்து நிற்கும். கடைசி நாள் படுகளம்: மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்து, பீமன் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிக்க, சாயந்தரம் தீமிதி.

கூத்தில் வடக்கத்தி பாணி, தெற்கத்தி பாணி என்று இரண்டு. காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் முதலாவது, நம்முடையது இரண்டாவது. வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளூர்க்காரர் அடவைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டுவார்கள். வேஷக்காரர்கள் வருவதற்கு முன் மத்தளமும் தாளமும் சேர்ந்து அடிக்கிற அடி அது. பக்கத்து ஊருக்கும் ‘இங்கே கூத்து’ என்று தகவல் போய்விடும். பிறகு கட்டியக்காரன் வந்து ஊர்ப் பெரியவர்களையே கிண்டலடிப்பான். அவனை மட்டும் யாரும் கோபித்துக்கொள்ளமுடியாது. திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், திரையை ஆட்டி ஆட்டி வேஷக்காரர் பாடுவார். சின்ன வயதில் பாயும் போர்வையுமாகப் போய், துரியோதனன் திரையை விலக்குவதற்குள் தூங்கிப்போய், பகடை துகிலில் திரௌபதி அலறும்போது விழித்துக்கொண்ட தலைமுறை எங்களுடையது.

காரியத்துக்குத் தக்க கூத்தும் உண்டு. செத்தவர் வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம். மழைக்கு விராட பர்வம். தேவை இருக்கிறவரைக்கும் கூத்தாடிக்கு அழைப்பு வரும், இது வெறும் ரசனையை நம்பிய தொழில் இல்லை. அதனால்தான் வந்த வாத்தியத்தையெல்லாம் தைரியமாக உள்ளே விட்டார்கள். ஐரோப்பியப் பெட்டியான ஆர்மோனியம், கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும்படி மாறி, கம்பெனி நாடகங்கள் வழியாகக் கூத்துக்கு வந்து சேர்ந்தது. கமகம் பேசாத பெட்டி என்று அகில இந்திய வானொலி அதை 1940-ல் தடைசெய்து 1971 வரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. தில்லி வேண்டாமென்ற அந்தப் பெட்டி முப்பது வருடமும் நம் கூத்தில் ஐந்து கட்டையில் அலறிக்கொண்டிருந்தது. முகவீணையோடு அது எப்படி ஒத்துப்போனது என்று இசை இலக்கணக்காரர்கள் கேட்கலாம். விடிகிறவரை கேட்டவர்கள் யாரும் கேட்டதில்லை.

கூத்துக்கு உண்மையான சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்து மணிதான் கூத்து தொடங்குகிற நேரம்! சட்டம் போட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை, திருவிழாக் குழாயின் கீழே பரீட்சைக்குப் படித்தவன் நான். ஆனால் கூத்தாடிகள் ஒரு காலத்தில் மைக்கே இல்லாமல் பாடியவர்கள். அந்தத் தொண்டையைப் பழக்கியதே திடலின் கடைசி வரிசை. மைக் வந்து இரண்டு தலைமுறையில் தொண்டை இறங்கிவிட்டது.

பறையின் வழி இதைவிடக் கரடுமுரடானது. சாவுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக இருந்ததால், அதைத் தூக்கி எறிந்ததே விடுதலை என்று நினைத்தவர்கள் பல ஊர்களில் உண்டு. அவர்கள் நினைத்ததில் தப்பேயில்லை. அவர்கள் பிள்ளைகளில் சிலர் அதே பறையை இடுப்பில் கட்டிக் கல்லூரி மேடையில் ஏறினார்கள். 2025-ல் பறைக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ வந்தது.

சித்திரையில் கூவாகம் போனால் இதெல்லாம் ஒரே ராத்திரியில் காதில் விழும். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கூத்தாண்டவர் கோயிலுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்து திருநங்கைகள் வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். கற்பூரத்தை மலைபோல் குவித்துக் கொளுத்தி, சுற்றிவந்து கும்மி அடிக்கிறார்கள். தமிழ்க் கும்மிக்கு நடுவில் வேறு மொழிப் பாட்டும் கேட்கும், சினிமாப் பாட்டும் கேட்கும். விடிந்ததும் அரவான் களபலி. அதே தொண்டைகள் ஒப்பாரிக்கு மாறிவிடும். கும்மியிலிருந்து ஒப்பாரிக்கு இத்தனை சீக்கிரம் மாறுகிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மலைமேல் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இப்போது பாட்டு பெரும்பாலும் கைப்பேசியிலிருந்துதான். மலையாளி மக்களின் (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் சாமி கரிராமனோடு வந்தோம் என்பது இவர்கள் சொல்லும் கதை) மேளமும் ஆட்டமும் அம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே வருகின்றன.

கூத்தர்கள் இப்போது நடந்து போவதில்லை, வேனில் போகிறார்கள். பின்பக்கக் கதவு திறந்திருந்த ஒரு வேனுக்குள் எட்டிப்பார்த்தேன். கிரீடப் பெட்டி, சலங்கை மூட்டை, ஆர்மோனியம், மத்தளம், தாளம், சினிமாப் பாட்டுக்கென்று ஒரு கீபோர்டு, குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் பேடு, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. முகவீணையைக் காணோமே என்றேன். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே கையைக் காட்டினார்கள். மஞ்சள் துணிப்பையில் சுற்றி, கண்ணாடிக்குப் பக்கத்தில், விநாயகர் படத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சீவாளி வெயிலில் வறண்டுவிடும், அதனால் அதை மட்டும் வாத்தியார் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் என்றான் பையன்.

(தொடரும்)