தேனீ ஈக்கள்

தேனீ ஈக்கள், இருசிறகிப் பூச்சிகளின் வரிசையில் பாம்பிலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. வளர்ந்த ஈ பூந்தேன் குடித்துத் திரியும், கடிக்காது, கொட்டாது. அதன் புழுவோ பிற பூச்சிகளைத் தின்றே வளரும். தனித்தேனீ, குளவி, வண்டு, அந்துப்பூச்சி, வேறு ஈக்கள், வெட்டுக்கிளியின் முட்டைகள் என்று இக்குடும்பத்தின் இரைப்பட்டியல் நீளமானது.

நீல் எவன்ஹூயிஸும் டேவிட் கிரேட்ஹெட்டும் 1999இல் வெளியிட்ட உலகப் பட்டியலில் 4,500க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை உண்டு. மழைக்காட்டை விட வெயில் காயும் புதர்க்காடு, மணற்பாங்கான வெளி, பாலைநில ஓரம் ஆகியவற்றிலேயே மிகுதி. தனித்தேனீக்களும் குளவிகளும் வெட்டுக்கிளிகளும் முட்டையிட வெறுந்தரையைத் தேடுபவை. அவற்றை நம்பி வாழும் ஈயும் அங்கேதான் இருக்கும். இந்தியா, இலங்கை, பர்மாவின் இனங்களை என்ரிக்கோ புருனெட்டி 1920இல் வெளிவந்த 'பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்' வரிசை நூலில் விவரித்தார்.

பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் தமக்கு இடம் தரும் உயிரை, அதாவது ஓம்புயிரியை, பொதுவாகக் கொல்வதில்லை. தேனீ ஈயின் புழு அப்படியல்ல. அது தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஓம்புயிரியைப் பற்றி, அதை முற்றாகத் தின்று தீர்த்துவிடும். ஆகவே இதைக் கொல்லும் ஒட்டுண்ணி என்பதே பொருந்தும்.

அடையாளம்

பார்வைக்குத் தேனீயைப் போல இருந்தாலும், தேனீக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டே. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு குமிழ்க்காம்புகள் இருக்கும். உணர்கொம்பு குட்டை, கண் பெரிது. கால்கள் மெலிந்து நீண்டவை. மகரந்தக் கூடை கிடையாது. உட்காரும்போது பெரும்பாலான இனங்கள் சிறகை முதுகின்மேல் மடக்காமல் இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். பாம்பிலியஸ் பேரினத்து ஈக்களின் உறிஞ்சுகுழல் எப்போதும் முன்னால் நீட்டியபடி இருக்கும். அதைக் கொடுக்கு என்று நினைத்து அஞ்சுவோர் உண்டு. ஆந்த்ராக்ஸ் பேரினத்தில் குழல் குட்டை. உடல் கருமை, சிறகில் கருந்திட்டுகள். சிஸ்ட்ரோபஸ் பேரினத்து ஈயைத் தேனீ என்று யாரும் மயங்கமாட்டார்கள். இடை நூலாய் மெலிந்து, அசலாக ஒரு குளவியாகவே தோன்றும்.

தேனீயின் வேடம் எதற்கு? தேனீயின் கூட்டருகே சந்தேகத்துக்கு இடமின்றி நெருங்கவே என்று சிலர் எழுதுவதுண்டு. இது அவ்வளவாக ஏற்கத் தக்கதாக இல்லை. இந்த ஈ கூட்டுக்குள் நுழைவதே இல்லை. கூட்டுக்காரி பெரும்பாலும் பூத்தேடி வெளியே போயிருப்பாள். கொட்டும் பூச்சியை ஒருமுறை தின்று பட்ட பறவை அதன் சாயலுள்ளதையும் விட்டுவிடும் என்ற விளக்கம் இதைவிடப் பொருத்தமானது.

பூக்களோடு உறவு

1758இல் லின்னேயஸ் பெயரிட்ட பாம்பிலியஸ் மேஜர்தான் இக்குடும்பத்தில் நன்கு அறியப்பட்ட இனம். ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் வட அமெரிக்காவிலும் இளவேனில் தொடக்கத்தில் பறக்கும். அந்தரத்தில் நின்றபடி, முன்கால்களால் இதழை லேசாகத் தொட்டுக்கொண்டு, பிரிம்ரோஸ் போன்ற குழல்வடிவப் பூக்களில் தேன் உறிஞ்சும். பல இனங்களில் பெண் ஈக்கள் மகரந்தத்தையும் உண்ணும். முட்டை உருவாக வேண்டிய புரதம் அதிலிருந்து கிடைக்கிறது.

இந்த ஈயை நம்பி வாழும் செடிகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நமக்வாலாந்துப் பகுதியில் வளரும் கோர்ட்டீரியா டிஃப்யூசா என்னும் டெய்சிச் செடியின் சில வகைகள், இதழ்மேல் கருமையான புடைத்த புள்ளிகளைத் தாங்கியிருக்கும். மெகாபால்பஸ் கேப்பென்சிஸ் என்ற தேனீ ஈ, பூவின்மேல் உட்கார்ந்திருக்கும்போது ஏறக்குறைய அந்தப் புள்ளியின் தோற்றத்தில்தான் இருக்கும். ஆண் ஈ அதைப் பெண் என்று எண்ணிக் கூட முயன்று, மகரந்தம் சுமந்து செல்லும்.

முட்டை

இக்குடும்பத்தின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு குறையிலிருந்து தொடங்குவது நல்லது. தாய் ஈக்கு ஓம்புயிரியை எட்டும் கருவி எதுவும் இல்லை. மரத்தைத் துளைத்து உள்ளிருக்கும் புழுவின்மேல் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு ஊசி போன்ற முட்டையிடுகுழல் உண்டு. இவளுக்கு அது கிடையாது. மண்ணைத் தோண்டும் கால்களும் இல்லை. அவள் செய்யக்கூடியது ஒன்றுதான்: வாசலில் முட்டையை எறிந்துவிட்டுப் போவது.

அதைச் செய்யும் முறை வியப்பானது. பாம்பிலியஸ், ஆந்த்ராக்ஸ் முதலிய பேரினங்களில் பெண்ணின் வயிற்று நுனியில் ஒரு சிறு பை உண்டு. அவள் தரையில் நின்று வயிற்று நுனியை நடுங்கியபடி மண்ணில் அழுத்தி, அந்தப் பையில் நுண்மணலை நிரப்பிக்கொள்வாள். விதையைச் சாம்பலில் புரட்டி விதைப்பது போல, ஒட்டும் தன்மையுள்ள முட்டை அந்த மணலில் புரண்டு வெளிவரும். மணற்பூச்சு முட்டையைக் காயாமல் காக்கும், எறிவதற்கு எடை கூட்டும், மண்ணோடு மண்ணாய் மறைக்கும் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. பிறகு தேனீயின் துளைமுன் அந்தரத்தில் நின்று, வயிற்றை முன்னோக்கி வெடுக்கென்று சொடுக்கி, முட்டையை உள்ளே வீசுவாள். குறி எப்போதும் சரியாக இருக்காது. இருண்ட பள்ளம் எதுவானாலும், அது தேனீயின் துளையே அல்லாவிட்டாலும், அவள் வீசிவிடுவதுண்டு. நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதால் இந்த வீண்செலவு தாங்கும்.

இருவேறு புழுக்கள்

தாய் முடிக்காமல் விட்ட வேலையை முட்டையிலிருந்து வரும் முதற்பருவப் புழு ஏற்கிறது. இது நூலிழை அளவு மெல்லியது. உடலில் ஆங்காங்கே நீண்ட முட்கள், வால்முனையில் உந்துவதற்கான மயிர்கள். இதற்கு இருக்கும் ஒரே வேலை தேடுவது. துளைக்குள் இறங்கி, தேனீ மகரந்தமும் தேனும் வைத்து மூடிய அறையை அடைய வேண்டும். அடைந்த பிறகும் உடனே தாக்காது. தேனீயின் புழு தன் உணவை உண்டு கொழுத்து, கூட்டுப்புழுவாக மாறும் தறுவாய் வரை காத்திருக்கும்.

பிறகு தோலுரித்தால் முற்றிலும் வேறொரு உயிர். கால் போன்ற முட்கள் இல்லை, நடமாட்டம் இல்லை. வெளுத்து, கொழுத்து, உறிஞ்சுவதற்கென்றே ஆன உடல். ஒரே புழுப்பருவத்துக்குள் இப்படி வடிவம் மாறுவது மிகை உருமாற்றம் எனப்படும்.

பிரெஞ்சு பூச்சியியலாளர் ஜான் ஆன்ரி ஃபாப்ர், 1886இல் வெளிவந்த தம் நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில் இந்த விருந்தை விரிவாக எழுதினார். கூழாங்கற்களின்மேல் சாந்துக்கூடு கட்டும் கொத்தனார்த் தேனீயும் அதைத் தின்னும் ஆந்த்ராக்ஸ் ட்ரைஃபாசியேட்டாவும்தான் அவர் பார்த்தவை. ஈயின் புழு தேனீப்புழுவைக் கடித்துக் கிழிக்கவில்லை. வாயை அதன் தோல்மேல் வைத்து உறிஞ்சியது. இடையே வாயை எடுத்து வேறு இடத்தில் வைத்தது. எடுத்த இடத்தில் காயம் தெரியவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கொழுத்த புழு ஒரு சிறு தோலுருண்டையாகச் சுருங்கியது. ஃபாப்ர் அந்த வெறுந்தோலை நீருக்குள் வைத்து ஊதிப் பார்த்தார். எங்கும் காற்று கசியவில்லை.

இது எப்படி இயலும்? கூட்டுப்புழுவாகும் நேரத்தில் பூச்சியின் உள்ளுறுப்புகள் கரைந்து, புதிய உடலைக் கட்டுவதற்கான நீர்மமாகின்றன. ஃபாப்ர் கண்ட விடை அதுதான். சற்று முந்தினால் இரை இன்னும் உறுப்புகளாக இருக்கும். பிந்தினால் புதிய உறுப்புகள் உருவாகியிருக்கும். முதற்பருவப் புழுவின் நீண்ட பட்டினிக் காத்திருப்பை இப்படிப் பார்க்கும்போது அது சோம்பலாகத் தெரியாது. கடைசிவரை இரை உயிரோடிருப்பதால் அழுகுவதும் இல்லை.

எல்லா இனங்களும் வெளியிலிருந்து உறிஞ்சுவதில்லை. அந்துப்பூச்சிகளைத் தாக்கும் வில்லா பேரினத்துப் புழுக்கள் ஓம்புயிரியின் உடலுக்குள்ளேயே வாழும்.

வெளியேறுதல்

தின்று முடித்த புழு மூடிய அறைக்குள் இருக்கிறது. சுற்றிலும் மண் அல்லது சாந்து. வளர்ந்த ஈயின் மெல்லிய காலும் நீண்ட குழலும் அதை உடைக்க உதவா. இங்கும் வேலை வேறொரு பருவத்தின் கைக்குப் போகிறது. பிற பூச்சிகளில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழு, இக்குடும்பத்தில் சுரங்கம் தோண்டும். அதன் தலையில் கடினமான கூர்முட்கள். முதுகில் பின்னுக்குச் சரியாமல் பிடிக்கும் கொக்கிகளும் விறைத்த மயிர்களும். உடலை வளைத்தும் நிமிர்த்தும் சுவரைக் குடைந்து, பாதி உடல் வெளியே வந்ததும் நிற்கும். தோல் பிளந்து ஈ பறந்துவிடும். வெற்றுக்கூடு துளையிலேயே செருகிக் கிடக்கும்.

ஓம்புயிரிகள்

மண்ணில் கூடமைக்கும் ஆண்ட்ரினா போன்ற தனித்தேனீக்கள் பாம்பிலியஸுக்கு இரை. வட அமெரிக்காவின் ஜெனாக்ஸ் டைக்ரினஸ், மரத்தைத் துளைத்து வாழும் பெரிய தச்சுத் தேனீயைத் தாக்கும். டாக்ஸோஃபோரா, மண்குடம் போல் கூடு கட்டும் குளவிகளைத் தேடும். சிஸ்ட்ரோபஸ், நத்தைபோல் ஊரும் லிமகோடிடே குடும்பத்துக் கம்பளிப்புழுக்களைத் தாக்கும். தென்னை போன்ற பயிர்களின் இலையைத் தின்னும் பல புழுக்கள் இக்குடும்பத்தவை.

புலிவண்டின் புழு செங்குத்தான துளையில் தலையை வாசலில் வைத்துப் பதுங்கி, கடந்துபோகும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. அத்துளைக்குள்ளும் முட்டை வீசும் ஆந்த்ராக்ஸ் இனம் ஒன்றின் வாழ்க்கையை விக்டர் ஷெல்ஃபோர்டு 1913இல் விவரித்தார். ஹெமிபென்தெஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கம்பளிப்புழுவுக்குள் நுழைந்தாலும் அதைத் தின்பதில்லை. அதற்குள் ஏற்கெனவே குடியிருக்கும் வேறொரு ஒட்டுண்ணியைத்தான் தின்னும்.

சிஸ்டோகஸ், அனஸ்டோகஸ் பேரினங்களின் புழுக்களை ஒட்டுண்ணி என்பதை விட இரைகொல்லி என்பதே சரி. வெட்டுக்கிளி மண்ணுக்குள் நுரைப்பையில் இடும் முட்டைகளை அவை ஒவ்வொன்றாகத் தின்னும். அமெரிக்காவில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் பயிரை அழித்த காலத்தில், சார்லஸ் ரைலி அந்த முட்டைப்பைகளில் இப்புழுக்களைக் கண்டறிந்தார்.

நன்மையும் தீமையும்

ஒரு தேனீ ஈ உழவனுக்கு நண்பனா பகைவனா என்பது அது எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்ததே. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரைமசால் விதை விளைய உதவுவது நோமியா மெலாண்டரி என்னும் உவர்மண் தேனீ. வாஷிங்டன் மாநில உழவர்கள் அதற்கென்றே உவர்மண் பாத்திகளைப் பேணுகிறார்கள். ஆயிரக்கணக்கான துளைகள் நெருங்கியிருக்கும் அந்தப் பாத்தி, ஹெட்டிரோஸ்டைலம் ரோபஸ்டம் என்ற தேனீ ஈக்கும் எளிதில் கிட்டும் விருந்து. அங்கே அது பூச்சிக்கேடு.

ஆப்பிரிக்காவில் நிலை தலைகீழ். தூக்க நோயைப் பரப்பும் செட்சீ ஈ, முட்டையிடாமல் முற்றிய புழு ஒன்றையே ஈனும். அது மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகும். எக்ஸ்ஹயலாந்த்ராக்ஸ் பேரினத்துத் தேனீ ஈக்களின் புழுக்கள் அந்தக் கூட்டுக்குள் நுழைந்து உள்ளிருப்பதைத் தின்றுவிடுகின்றன.

எந்த ஈ எதைத் தின்கிறது என்பதைப் பறக்கும் ஈயைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓம்புயிரியின் கூட்டை எடுத்துவந்து, உள்ளிருந்து வெளிவருவது எது என்று காத்திருந்துதான் அறிய வேண்டும். துளையுள்ள நாணல் தண்டுகளைக் கட்டாகத் தொங்கவிட்டு, அதில் கூடு கட்டும் தேனீக்களையும் குளவிகளையும் வளர்த்துப் பார்ப்பது ஒரு வழி. இம்முறையில் நாணலில் கூடமைப்பவை மட்டுமே அகப்படும். மண்ணில் ஆழத் தோண்டுபவை அகப்படா. ஆகவே பெரும்பாலான இனங்களுக்கு ஓம்புயிரி இன்னும் பதிவாகவில்லை. அருங்காட்சியகங்களில் இப்படி வளர்த்த ஈயைக் குத்தி வைக்கும் ஊசியிலேயே அதன் கூட்டுப்புழுத் தோலையும் சேர்த்து வைப்பார்கள். தலைமுட்களின் எண்ணிக்கையும் அமைப்பும் பேரினங்களை அடையாளம் காண உதவுகின்றன.