வெள்ளவத்தை வீடும் சாப்பாட்டு அறையும்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு இந்த வருடம் புதிதாகப் பெயின்ட் அடிக்கிறோம். கொழும்புத் தமிழ் வீடுகளில் இது சாப்பிட மட்டுமான அறை அல்ல. 1995 இடப்பெயர்வுக்குப் பின் வந்தவர்களும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த பிள்ளைகளும் மேசையைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்துப் படுத்தார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜை நம்ப முடியாத அந்நாட்களில் உறவினர் வீட்டு மேசையடியே பலருக்குப் புகலிடம்.

இத்தகைய அறையைப் புதுப்பிப்போர் கவனிக்க வேண்டியவை:

படங்கள்: 1983இல் வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. சுவரில் மிஞ்சியிருப்பது சிலவேளை ஒரே பிரதி. கழற்றியதும் ஸ்கான் செய்து, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். திரும்ப மாட்டும்போது சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரின் ஈரம் படத்தில் ஏறாது.

பழைய பெயின்ட்: அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உரசாதீர்கள், நனைத்து, ஈரமாகவே உரசுங்கள். தூசியை முழுதாகச் சுத்தம் செய்து முடிக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

ஆணி: கடற்காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியே நல்லது.

மேசை: பெரிய கண்ணாடி மேசை வாங்கலாம் என்றார்கள் பிள்ளைகள். நாங்கள் மடக்கு மேசையே வாங்கினோம். நாலு பேர் படுக்க இடம் வேண்டும்.